இரண்டு நிமிடக் காட்சிக்கு மூன்று மணி நேரம்: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மாணவர் படம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில வாரங்கள் பாட்டு கேட்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், விண்ணப்பம் டைப் செய்கிறார்கள். அதற்குப் பிறகு, "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வருகிறது. வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. ஒரு குறும்படத்தின் முதல் காட்சியைத் திட்டமிட்டு, எடுத்து, எடிட் செய்து பார்க்கலாம். கேமரா ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. மற்ற வேலைகளுக்கு உங்கள் கம்ப்யூட்டரும் சில இலவச சாப்ட்வேர்களும் போதும்.

மாணவர் படம் என்றால் விளையாட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் லூகாஸ் கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோது 1967-ல் எடுத்த சுமார் 15 நிமிடப் படம்தான் 1971-ல் 'டிஎச்எக்ஸ் 1138' என்ற முழுநீளப் படமாக வளர்ந்தது. 1986-ல் வெளிவந்த 'ஊமை விழிகள்' சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய படம். 2012-ல் 'பீட்சா' படத்தை இயக்கிய கார்த்திக் சுப்பராஜ், சாப்ட்வேர் வேலை பார்த்தபடியே குறும்படங்கள் எடுக்கத் தொடங்கியவர்.

மதுரையில் விஸ்காம் படிக்கும் என் சித்தி மகளுக்கும் அவள் நண்பர்கள் மூவருக்கும் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துத் தர வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கம்ப்யூட்டர் தொடர்பான உதவிக்கு என்னை அழைத்தார்கள். அந்த வேலை நடந்த வரிசையிலேயே இங்கே தருகிறேன். நீங்கள் எந்தக் கதையை எடுத்தாலும் இந்த வரிசை பொருந்தும்.

திரும்ப எடுக்க முடியாத இடம்

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் ஒரு பழைய கைக்கடிகார ரிப்பேர் கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். கடைக்காரப் பெரியவரே நடிக்கவும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசியில் கடையைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஒன்பது வரை கடையைத் தருவதாகச் சொன்னார். ஏதாவது விட்டுப்போனால் மறுபடி போய் எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த மாதம் கடையே இருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி

தொடக்கக் காட்சியின் வேலை, பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வியை எழுப்புவது. ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1958-ல் வந்த 'டச் ஆஃப் ஈவில்' படம் இதற்கு நல்ல பாடம். ஒருவன் காரின் பின்பகுதியில் நேரம் குறித்த வெடிகுண்டை வைக்கிறான். அது தெரியாமல் இருவர் காரில் ஏறிப் போகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட்டில் கேமரா தொடர்கிறது. எப்போது வெடிக்கும் என்று நாம் தவிக்கிறோம்.

இவர்கள் கதையில் வெடிகுண்டு இல்லை. பெரியவர் காலையில் ஷட்டரைத் திறக்கிறார். வரிசையாகக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கிறார். மூலையில் 4.20-ல் நின்றுபோன ஒரு கடிகாரத்தை மட்டும் தொடாமல் கடந்து போகிறார். ஊருக்கே கடிகாரம் ரிப்பேர் செய்பவர் இதை ஏன் விட்டுவைத்தார்? இந்தக் கேள்வியோடு படத்தின் பெயர் வர வேண்டும். வசனம் கிடையாது.

இதுபோல உங்கள் காட்சியின் கேள்வியையும் ஒரே வரியில் டைப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஷாட்டை வைப்பது, எதை நீக்குவது என்று குழப்பம் வரும்போது அந்த வரிதான் முடிவு சொல்லும்.

கட்டம் போட்டுப் படம் வரையுங்கள்

அடுத்தது ஸ்டோரிபோர்டு. ஒரு வெள்ளைத் தாளை ஆறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு ஷாட் என்று வரைய வேண்டும். "அண்ணா, எனக்குப் படம் வரையவே வராதே" என்றாள் தங்கை. குச்சி மனிதர்கள் போதும். கேமராவுக்கு அருகில் யார், தூரத்தில் யார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது புரிந்தால் சரி.

வரைந்து முடித்தபோது 22 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் போனில் படம்பிடித்து, யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். பைல்களுக்குப் பெயர் வைக்கும்போது ஷாட்01, ஷாட்02 என்று பூஜ்யம் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் சில சாப்ட்வேர்களில் ஷாட்10 என்பது ஷாட்2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

கூடவே ஃபோல்டர்களையும் உருவாக்கிவிடுங்கள். கதை, ஸ்டோரிபோர்டு, வீடியோ, ஒலி, எடிட்டிங், முடிந்தது என்று ஆறு ஃபோல்டர்கள். படப்பிடிப்பு நாளன்று வந்து குவியும் பைல்களை டெஸ்க்டாப்பில் கொட்டிவிட்டால் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

எடுப்பதற்கு முன்பே எடிட்டிங்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வரைந்த படங்களையே வீடியோ போல வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அனிமேட்டிக் என்று பெயர். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் ஒன்று வேண்டும். பலருக்கும் பழக்கமான விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் கைவிட்டுவிட்டது. ஷாட்கட், கேடன்லைவ், ஓப்பன்ஷாட் ஆகிய மூன்றும் இலவசம். சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடும். டாவின்சி ரிசால்வ் சாப்ட்வேருக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் அதிக ரேமும் தேவை. எதுவானாலும் அந்தந்த சாப்ட்வேரின் சொந்த இணையதளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள்.

படங்களை இறக்குமதி செய்து, கீழே உள்ள டைம்லைனில் வரிசையாக இழுத்துப் போடுங்கள். படத்தின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் அது திரையில் நிற்கும் நேரம் கூடும், குறையும். பெரியவர் நடந்து வர எத்தனை வினாடி? நீங்களே வீட்டில் நடந்து பார்த்துக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் சத்தத்துக்கு வாயால் ஒலி எழுப்பி ரெக்கார்டு செய்து போட்டாலும் சரிதான்.

எங்கள் 22 படங்களையும் ஓடவிட்டபோது மொத்தம் 2 நிமிடம் 47 வினாடி வந்தது. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். 22 ஷாட் என்றால் ஒரு ஷாட்டுக்கு எட்டு நிமிடம்தான் கிடைக்கும். கேமராவை இடம் மாற்றவே அது போதாது. ஒருவரி கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். பெரியவர் தெருவில் சைக்கிளில் வருவது, டீக்கடையில் நிற்பது, பூட்டைத் திறப்பது எல்லாம் அழகான படங்கள்தான். ஆனால் நின்றுபோன கடிகாரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஏழு ஷாட்களை நீக்கியபின் 15 ஷாட், 2 நிமிடம் 4 வினாடி. இப்போது ஒரு ஷாட்டுக்கு 12 நிமிடம். ஒரு சனிக்கிழமை மாலைக்குள் முடிந்துவிட்ட இந்த வேலை, தெருவில் அலைந்து எடுத்துப் பிறகு தூக்கிப்போடும் உழைப்பை மிச்சப்படுத்தியது.

எக்ஸெல்லில் ஷாட் பட்டியல்

சினிமாவில் கதை வரிசைப்படி படமெடுக்க மாட்டார்கள். கேமரா ஓரிடத்தில் நிற்கும்போது அங்கிருந்து எடுக்க வேண்டிய எல்லா ஷாட்களையும் எடுத்துவிட்டு நகர்வார்கள். இதற்கு எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் மிக உதவியாக இருக்கும். ஷாட் எண், கேமரா இடம், வெளிச்சம், தேவையான பொருள், வினாடி என்று ஐந்து பத்திகள் போட்டு நிரப்புங்கள். பிறகு டேட்டா மெனுவில் சார்ட் கட்டளை மூலம் 'கேமரா இடம்' பத்தியின்படி வரிசைப்படுத்தினால் படப்பிடிப்புக்கான வரிசை தானே வந்துவிடும். மறுபடி ஷாட் எண்படி சார்ட் செய்தால் கதை வரிசை.

வெளிச்சப் பத்தியை நிரப்ப மாணவர்கள் முந்தைய வாரமே கடைக்குப் போய் நின்றார்கள். எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வெயில் கடைச் சுவரில் விழுவது ஏழு மணிக்குத்தான். ஏழே முக்காலுக்குப் போய்விடுகிறது. கடிகாரச் சுவர் தெரியும் நான்கு ஷாட்களையும் அந்த 45 நிமிடத்தில் வைத்தார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

மெமரி பாதியில் நிரம்பிவிட்டால் படப்பிடிப்பு நின்றுவிடும். கணக்கு எளிது. போன் வீடியோவின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். 1080பி அளவில் வினாடிக்கு 20 மெகாபிட் என்று வைத்தால் வினாடிக்கு 2.5 எம்பி, நிமிடத்துக்கு 150 எம்பி. 15 ஷாட், ஒவ்வொன்றும் நான்கு டேக், ஒரு டேக் 30 வினாடி என்றால் மொத்தம் 30 நிமிடம். அதாவது 4.5 ஜிபி. 4கே அளவில் வினாடிக்கு 50 மெகாபிட் என்றால் இதுவே 11 ஜிபியைத் தாண்டும். உங்கள் போனில் இந்த எண் மாறலாம். ஒரு நிமிடம் எடுத்துப் பைலின் அளவைப் பார்த்துக்கொண்டால் கணக்கு துல்லியமாகும். இவர்கள் 1080பி போதும் என்று முடிவு செய்தார்கள். லேப்டாப்பும் திணறாது.

டியூப் லைட் துடிப்பு

வீட்டுக்குள் எடுத்த வீடியோவில் வெளிச்சம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கேமராவின் ஷட்டர் வேகம் இதோடு ஒத்துப்போகாவிட்டால் துடிப்பு பதிவாகிவிடும். போனில் புரோ மோடு இருந்தால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் 1/100.

இன்னொரு முக்கியமான விஷயம். கடை இருட்டாக இருக்கும்போது ஷட்டர் தூக்கப்படுகிறது. ஆட்டோவில் விட்டால் போன் இருட்டையும் பிரகாசமாக்க முயலும். கதவு திறந்ததும் வெளுத்துப்போய்ப் பிறகு சரியாகும். அதனால் முதலில் ஷட்டரைத் திறந்து வைத்து, அந்த வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை லாக் செய்தார்கள். பிறகு மூடிவிட்டு ரெக்கார்டிங்கைத் தொடங்கினார்கள். பல போன்களில் திரையை அழுத்திப் பிடித்தால் லாக் ஆகும். மறக்காமல் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நல்ல டேக்கின் நடுவில் யாராவது அழைத்துவிடுவார்கள்.

கடிகாரங்கள் கொடுத்த வேலை

கடிகாரக் கடையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் ஷாட்டை ஏழு மணிக்கும் அடுத்ததை எட்டரைக்கும் எடுத்தால், இடையில் எல்லா முட்களும் ஒன்றரை மணி நேரம் நகர்ந்திருக்கும். திரையில் அடுத்தடுத்த வினாடியில் வரும் இரண்டு ஷாட்களில் நேரம் தாவிவிடும். டிக் டிக் சத்தமும் அப்படியே. ஒவ்வொரு வெட்டிலும் அதன் தாளம் அறுபட்டுக் காதை உறுத்தும்.

தீர்வு சொன்னவர் பெரியவர்தான். பேட்டரிக் கடிகாரங்களில் பேட்டரியைக் கழற்றினார். ஊசல் கடிகாரங்களின் ஊசலை நிறுத்தினார். முட்கள் இருந்த நிலையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். ஓடுவது தெரிய வேண்டிய ஷாட்டில் ஒன்றிரண்டை மட்டும் ஓடவிட்டு, முடிந்ததும் முட்களைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்கள். டிக் டிக் ஒலியைக் கடைசியில் எல்லாக் கடிகாரங்களையும் ஓடவிட்டு, இன்னொரு போனில் மூன்று நிமிடம் தனியாகப் பதிவு செய்தார்கள். யாரும் பேசாமல், அசையாமல் கடையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்தார்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப இது கட்டாயம் தேவைப்படும்.

ஒலியைத் தனியாக எடுக்கும்போது ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட்டிங் சாப்ட்வேரில் ஒலி அலைவரிசையில் அந்தத் தட்டல் செங்குத்தாக எழும்பித் தெரியும். இரண்டு பைல்களின் தட்டலையும் நேர்கோட்டில் வைத்தால் படமும் ஒலியும் பொருந்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை

இவ்வளவு திட்டமிட்டதன் பலன், திட்டத்தில் இல்லாத ஒன்று நடந்தபோது கிடைத்தது. நின்றுபோன கடிகாரத்தைப் பெரியவர் பார்க்காமலே கடந்து போவதாகத்தான் ஸ்டோரிபோர்டில் இருந்தது. மூன்றாவது டேக்கில் அவர் ஒரு கணம் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார். 'கட் சொன்னபிறகும் ஐந்து எண்ணிவிட்டுத்தான் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டும்' என்று இவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். போனைப் பிடித்திருந்த மாணவன் அசையவில்லை. முழுவதும் பதிவானது.

ஏன் துடைத்தீர்கள் என்று தங்கை கேட்டாள். "ஓடலைன்னாலும் தூசி அடையலாமாம்மா?" என்றார் அவர்.

அடுத்து எடுக்க இருந்த க்ளோசப் இனி தேவையில்லை என்று அங்கேயே பட்டியலில் அடித்துவிட்டாள். ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்கவில்லை. பைல்களை அங்கேயே லேப்டாப்புக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திறந்து, கடைசி வினாடி வரை ஓடுகிறதா என்று பார்த்தார்கள். கடையை விட்டுக் கிளம்பிய பிறகு பார்த்துப் பயனில்லை அல்லவா?

மூன்று காப்பி

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். ஒரு காப்பி தங்கையின் லேப்டாப்பில், ஒன்று நண்பனின் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில், ஒன்று சென்னையில் என்னிடம். மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் போனிலிருந்து அழித்தார்கள்.

எடிட்டிங்கில் கவனிக்க

போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். இதனால் நீளமான ஷாட்களில் ஒலி மெல்ல விலகிப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் வீடியோ பகுதிக்குப் போய், 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீரும். மூல பைல்களை அப்படியே வைத்திருங்கள்.

அனிமேட்டிக் வைத்திருந்த டைம்லைனிலேயே ஒவ்வொரு படத்துக்கும் மேலே அதற்குரிய ஷாட்டை வைத்தால் காட்சி சீக்கிரம் உருவாகிவிடும். தொடக்கத்தில் நான்கு வினாடி வெறும் கறுப்புத் திரை. ஷட்டர் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகே வெளிச்சம் கீழிருந்து மேலேறுகிறது. படத்துக்கு முன்பே ஒலியைத் தொடங்குவது பழைய உத்திதான். பார்ப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பின்னணி இசைக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போடலாம் என்றான் ஒருவன். அதன் உரிமை பிறருடையது. யூடியூபில் ஏற்றினால் உரிமையாளர் தரப்பிலிருந்து தடை வரலாம். இசையே வேண்டாம், டிக் டிக் ஒலி போதும் என்று விட்டார்கள். துண்டால் துடைக்கும் இடத்தில் அந்த ஒலியையும் மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். பிறகு படத்தின் பெயர்.

மொத்தம் 14 ஷாட், 1 நிமிடம் 58 வினாடி. எம்பி4 வடிவில், எச்.264 முறையில், வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் எக்ஸ்போர்ட் செய்தபோது பைல் அளவு சுமார் 118 எம்பி. பென் டிரைவில் எளிதாக அடங்கியது.

கடை இப்போது இல்லை. பெரியவர் வீட்டு டிவியில் பென் டிரைவைச் சொருகிக் காட்சியைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் மறுபடி போடச் சொல்லி இரண்டு முறை பார்த்தாராம். மூன்றாவது முறை, சுவரில் இடதுபக்கம் இருந்த கடிகாரம் யாருடையது என்று சொல்ல ஆரம்பித்தாராம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடையோ, திண்ணையோ, அச்சகமோ இருக்கும். படப்பிடிப்புக்கு நாள் குறிக்கும் முன் முதலில் ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள். வரைந்ததைப் போனில் படம்பிடித்து டைம்லைனில் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் கேள்வி எழுகிறதா என்று வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் கேமராவை எடுக்கலாம்.